திருமுதுகுன்றத்தில் கற்றளி கண்ட பெருமாட்டி

கல்வராயன் மலையிலே தோன்றிக் கள்ளக்குறிச்சிச் சீமையை வளப்படுத்திக் கிழக்கு நோக்கிச் செல்லும் மணிமுத்தாறு, திருமுதுகுன்றத்தை அடைந்து பழமலைநாதரின் தீர்த்தமாகின்றது. அப்பெருமான் அருளிய பொன்னைச் சுந்தரமூர்த்தி நாயனார் இவ்வாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்த வரலாறு சைவ நன்மக்கள் அனைவரும் அறிந்ததே. பொன்னை இட்ட முதுகுன்றத்திலும், அதனை எடுத்த ஆரூரின் அரநெறித் திருக்கோயிலிலும் செங்கல்லை நீக்கிக் கருங்கல்லால் தளி எடுப்பித்த கை ஒன்றே. அது செம்பியன் மாதேவியாரின் திருக்கை.

அம்மையார் மழவர் குலத்திற் பிறந்து, முதற் பராந்தக சோழரின் மகனார் கண்டராதித்தருக்குத் தேவியாக வாய்த்தவர். 941-ஆம் ஆண்டிலேயே உய்யக்கொண்டான் திருமலையில் திருவிளக்குக்கு நிவந்தம் வைத்தார். கணவரோ முடி சூடியும் தில்லைக் கூத்தன்மேல் திருவிசைப்பாப் பாடிய சிவஞானச் செல்வர். 957-ஆம் ஆண்டையொட்டி அவர் மறைந்தபோது மகன் மதுராந்தகன் இளங்குழந்தை. அரசு கணவரின் தம்பி அரிஞ்சயருக்கும், பின்னர் அவர் மகன் சுந்தர சோழருக்கும் சென்றது.

தன் வயிற்றுப் பிள்ளைக்கு உரிய முடி பிறர் தலையில் ஏறக் காணும் தாய்க்கு, அரண்மனையில் இரண்டு வழிகளே எளிதில் புலப்படும்: ஒன்று சூழ்ச்சி, மற்றொன்று அழுகை. மாதேவியார் கண்டது மூன்றாவது வழி. கைம்மை எய்திய பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஊர்தோறும் திருப்பணியே செய்தார். மகன் உத்தம சோழன் என்னும் பெயரோடு 970-ஐ ஒட்டி அரியணை ஏறியபோதும் அப்பணி நிற்கவில்லை, மிகவே செய்தது. முதுகுன்றத்துத் திருப்பணி அவன் ஆட்சிக் காலத்தது. கல்வெட்டுகள் அவரைப் பெரும்பாலும் உத்தம சோழரை வயிற்றில் தாங்கிய பிராட்டி என்றே சுட்டுகின்றன. அரசி என்பதினும் தாய் என்பதே அவருக்கு உவந்த பட்டம் போலும்.

திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்துக் கற்றளியை அவர் கணவர் பெயராலேயே எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் கோலத்தை அங்கே கல்லில் அமைக்கச் செய்தார். திருப்பணியை நின்று நடத்திய ஆலத்தூருடையான் சாத்தன் குணபத்தன் பெயரும் அச்சுவரில் நிலைத்திருக்கின்றது. திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் பிரித்தபோது, முன்னோர் அறங்களைக் கூறும் சிதறிய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதுச் சுவரில் பொறிக்க ஏற்பாடாயிற்று. புதுப்பித்தல் என்ற பெயரால் பழமையை அழிப்போர் இதனை ஊன்றி நோக்கல் வேண்டும். அவர் எடுப்பித்த தளிகளின் கோட்டங்களில் ஆடவல்லானின் திருவுருவம் இடம்பெற்றது; கணவர் பாடிய கூத்தனை அம்மையார் கல்லில் ஆடச் செய்தார்.

985-இல் உத்தம சோழரும் மறைந்தார். பெற்ற மகனைப் பறிகொடுத்த முதுமை எத்தகையது என்பதை விரித்துரைத்தல் வேண்டா. அரசு மீண்டும் கைமாறிச் சுந்தர சோழரின் மகனான முதலாம் இராசராசரை அடைந்தது. பேரன் மதுராந்தகன் கண்டராதித்தன் அதன்பொருட்டுப் பகை கொள்ளவில்லை. இராசராசரின் ஆட்சியில் திருக்கோயில்களை ஆராய்ந்து முறை செய்யும் அலுவலை ஏற்றான். பாட்டியின் மடியில் கற்ற பாடம் அஃது எனில் மிகையாகாது. இராசராசரின் தமக்கையார் குந்தவைப் பிராட்டியார் தாதாபுரத்தில் சிவனுக்கும் திருமாலுக்கும் அருகனுக்கும் தனித்தனிக் கோயில் எடுத்ததும், இப்பெருமாட்டியாரின் அடிச்சுவட்டிலே நடந்ததாகவே தோன்றுகின்றது.

மகன் மறைந்து பதினாறு ஆண்டுகள் சென்றபின்பும் பணி முற்றுப்பெறவில்லை. 1001-இல் திருவக்கரையில் சிவலோகத்துக் கற்றளி எழுந்தது. உய்யக்கொண்டான் திருமலை விளக்குக்கும் இக்கற்றளிக்கும் இடையே ஆண்டுகள் அறுபது.

அம்மையார் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்னும் ஊரில், அவர் பிறந்த கேட்டை நாளைக் கொண்டாட நிவந்தம் வைத்தவர்கள் மருமகள்மாராகிய உத்தம சோழரின் தேவியர். மாமியார்க்கு மருமகளிர் எடுத்த விழா உலகில் மிகுதியாகக் காணப்படுவதன்று. 1019-இல் இராசராசரின் மகனார் இராசேந்திரர் அவ்வூர்க் கைலாசநாதர் கோயிலில் அம்மையாரின் திருவுருவத்தை எழுந்தருளுவித்து, அதன் வழிபாட்டிற்கும் வகை செய்தார்.