ஓமந்தூரார்

செஞ்சி, அவலூர்பேட்டை, மேல்சித்தாமூர் வட்டாரங்களில் வாழும் நம்மவர்க்கு ஓமந்தூர் அயலூரன்று. திண்டிவனத்தை அடுத்த அவ்வூரில், வேளாண் குடியில் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிறந்தவர் இராமசாமி ரெட்டியார். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். பல்லாண்டு காங்கிரசுத் தொண்டர். திருவண்ணாமலையில் இரமண மகரிஷியிடம் பேரன்பு பூண்டிருந்தார்.

1947 மார்ச்சில் பிரகாசம் அமைச்சரவை வீழ்ந்தது. பதவியை நாடாது தயங்கி நின்ற ஓமந்தூராரையே கட்சியினர் தலைவராக்கினர். மார்ச் 23ஆம் நாள் அவர் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சர் பதவிக்கு அந்நாளில் அதுவே பெயர். நாடு விடுதலை பெற்ற நாளில் மாகாணத்தை ஆண்டவர் இவரே.

ஆண்டது இரண்டே ஆண்டுகள். ஆயினும் அக்காலத்தின் சட்டங்களை எண்ணினால் வியப்பு மேலிடும். 1947இல் மாகாணமெங்கும் ஆலயங்கள் அரிசனங்களுக்குத் திறக்கப்பட்டன. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடிய தேவதாசி ஒழிப்புச் சட்டம் அதே ஆண்டில் நிறைவேறியது. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பாரதியார் நூல்களின் உரிமையை 1949இல் அரசே ஏற்றது.

இவற்றினும் அவருக்குப் பகை தேடித் தந்தது வகுப்புவாரி ஆணையின் திருத்தம் எனலாம். 1947 நவம்பரில், அரசுப் பணியிடங்கள் 14இல் 2ஐப் பிற்பட்ட இந்துக்களுக்கெனத் தனியே ஒதுக்கினார். உழவர் வீட்டுப் பிள்ளைகள் அரசு அலுவலகத்துள் நுழைய அதுவோர் வாயில். வகுப்புவாரி முறையை 1951இல் உச்சநீதிமன்றம் தள்ளியபோது, அரசியல் சட்டத்தையே முதன்முறையாகத் திருத்த நேர்ந்தது.

குறைகளையும் மறைத்தல் தகாது. 1948இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், கருஞ்சட்டைப் படையைத் தடை செய்ததும் அவரது அரசே. தமிழகத்தில் கடும் கிளர்ச்சி எழுந்தது.

கள்ளையும் புலாலையும் விலக்கி வாழும் நம் இல்லங்களில் அவர் பெயரை இன்றும் சொல்வதற்குக் காரணம் வேறு. 1937இல் இராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கை, 1948 அக்டோபர் 2ஆம் நாள் காந்தியடிகள் பிறந்தநாளில் மாகாணம் முழுமைக்கும் விரித்தவர் ஓமந்தூரார். கருவூலம் பெரு வருவாயை இழக்கும் என்பது அவர் அறியாததன்று.

சிபாரிசுக்கு இடம் கொடாதவர். அதனால் சொந்தக் கட்சியினர் பலர்க்கே வேண்டாதவரானார். 1949 ஏப்ரல் 6ஆம் நாள் பதவி நீங்கினார். அடுத்து வந்தவர் குமாரசாமி ராஜா. ஓமந்தூராரோ மீண்டும் பதவிப் பக்கம் திரும்பவில்லை. வள்ளலார் சத்திய ஞானசபை கண்ட வடலூருக்குச் சென்று, சன்மார்க்கப் பணியிலும் ஏழை மாணவர் கல்வியிலும் எஞ்சிய நாள்களைச் செலவிட்டார். ஆண்ட காலத்தினும் அது பன்மடங்கு நீண்டது.

1970 ஆகஸ்டு 25ஆம் நாள் மறைந்தார். மறு ஆண்டு, அதே ஆகஸ்டுத் திங்களில், தமிழகத்தில் மதுவிலக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.