இரும்புக்கும் ஆயுள் உண்டு என்று கண்டறிந்த ரெயில்வே என்ஜினீயர்

1842-ம் ஆண்டு மே 8-ந்தேதி. பிரான்சு நாட்டில் வெர்சேல்சில் இருந்து பாரீசுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரெயில், வழியில் தடம்புரண்டு தீப்பிடித்தது. பெட்டிகளின் கதவுகள் வெளியே பூட்டப்பட்டிருந்ததால் 50-க்கும் மேற்பட்டோர் கருகி மாண்டனர். காரணம், முன்னால் சென்ற என்ஜினின் அச்சு முறிந்ததுதான்.

அந்த அச்சு பல நாள் ஒழுங்காக ஓடிய அச்சு. அதிர்ந்து அதிர்ந்து இரும்பின் நார்த்தன்மை போய், கல்கண்டு போல் மாறிவிடுகிறது என்று அந்தக் காலத்தில் பலர் நம்பினார்கள். அது சரியல்ல. உண்மைக் கணக்கைக் கண்டுபிடித்தவர் ஆகஸ்ட் வோலர். (ரசாயனப் பாடத்தில் வரும் யூரியா வோலர் வேறு ஆள்.)

ஜெர்மனியில் சோல்டாவ் என்ற ஊரில் 1819-ம் ஆண்டு ஜூன் 22-ந்தேதி பிறந்தவர். ஹானோவரில் தொழிற்கல்வி முடித்து, பெர்லினில் போர்சிக் என்ஜின் தொழிற்சாலையில் வேலை பழகினார். 1847-ல் கீழ் சைலீசிய ரெயில்வேயில் என்ஜின், பெட்டிகளுக்குப் பொறுப்பாளர் ஆனார். ஒர்க்‌ஷாப் பிராங்பர்ட்டில். ஓடர் ஆற்றங்கரையில் உள்ள பிராங்பர்ட் அது.

முறியும் அச்சுகள் அவர் தலையில்தான் விழுந்தன. இரும்பு வாங்கிய இடத்தைக் குறை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அச்சு எவ்வளவு வளைகிறது என்பதைத் துத்தநாகத் தகட்டில் கீறிக் காட்டும் கருவியைத் தாமே செய்து, ஓடும் வண்டியில் பொருத்தினார். சுமார் 22 ஆயிரம் கிலோமீட்டர் தூரம் அளவெடுத்தார்.

ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அடி

பாரம் ஏறிய அச்சின் மேல்பக்கம் இழுபடும், கீழ்ப்பக்கம் நெரிபடும். அரைச் சுற்றில் இது தலைகீழாகும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிக்கிறோமே, அதே கதைதான். சக்கரத்தின் விட்டம் 1 மீட்டர் என்றால், சென்னையில் இருந்து மும்பை வந்து சேர்வதற்குள் அச்சு 4 லட்சம் முறை இப்படி வளைந்து நிமிர்கிறது!

வோலர் எந்திரம் அமைத்து, இரும்பு, எஃகுத் துண்டுகளைப் பல கோடி முறை சுழலவிட்டார். ஒரு சோதனை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகும். பாரத்தைக் குறைத்தால் ஆயுள் நீண்டது. ஓர் அளவுக்குக் கீழே துண்டு முறியவே இல்லை. பருமன் சட்டென்று மாறும் கூரான மூலையில் பலம் குறைவு என்பதும் தெரிந்தது. அங்கேதான் மயிரிழை போல் வெடிப்பு தொடங்கும்.

வெடிப்பை முன்கூட்டியே பிடிப்பது எப்படி? பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குகிறோம் அல்லவா? ஜங்ஷன்களில் ரெயில்வே ஊழியர்கள் சுத்தியலால் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போனதும் அதற்காகத்தான். வெடிப்பு விட்ட உலோகத்தின் விறைப்பு குறையும், அதிர்வு மெதுவாகும், சுருதி இறங்கும். வெடித்த முகங்கள் ஒன்றோடொன்று உரசுவதால் நாதம் நீளாமல் சட்டென்று அடங்கும். மின்நிலையங்களில் சுழலும் பெரிய தண்டுகளின் அதிர்வை ஓயாமல் அளந்து வருவதற்கும் இதுவே அடிப்படை.

ஆனால் சிறிய வெடிப்பு சுருதியை மாற்றாது. சக்கரம் இறுகப் பிடித்திருக்கும் இடத்தில் அது ஒளிந்திருந்தால் தட்டுகிறவர் காது எவ்வளவு கூர்மையாக இருந்தும் பயனில்லை. இன்று அச்சுகளுக்குள் மீயொலி அலைகளைச் செலுத்திச் சோதிக்கிறார்கள். அதற்கெல்லாம் வழியில்லாத காலத்தில் வோலரின் கணக்குதான் கைகொடுத்தது: அச்சு தாங்கும் அளவுக்குள்ளேயே பாரத்தை வை, கூரான மூலையை வளைவாக்கு.

1867-ல் பாரீஸ் பொருட்காட்சியில் அவரது சோதனை முடிவுகள் வைக்கப்பட்டன. பிறகு 1874-ல் ஸ்டிராஸ்பர்க்கில் ரெயில்வே டைரக்டர் ஆகி, 1889-ல் ஓய்வு பெற்றார். இரும்பையும் எஃகையும் சோதித்துத் தரம் பிரிக்க அரசாங்கமே சோதனைக்கூடம் அமைக்க வேண்டும் என்று வாதாடியவர் அவர்.

1914-ம் ஆண்டு மார்ச் 21-ந்தேதி ஹானோவரில் காலமானார். வயது 94. முடிவுகளை அவர் வெறும் அட்டவணையாகத்தான் வெளியிட்டார். அதை வரைபடமாக்கியவர்கள் பின்னால் வந்தவர்கள். ஆனாலும் அந்த வரைபடத்துக்கு வோலர் கோடு என்றே பெயர்.