சாத்திர தானம் செய்த விஞ்ஞானி

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 விண்கலத்தின் தரையிறங்கு கலம் நிலவின் தென்துருவப் பகுதியில் மெல்ல இறங்கி நின்றபோது, நம் இல்லங்களில் பெரியோரும் சிறுவரும் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து கண்டு மகிழ்ந்தனர். அக்கலத்தின் பெயர் விக்ரம். அப்பெயருக்குரிய டாக்டர் விக்ரம் சாராபாய் அகமதாபாத் நகரத்துச் சமணக் குடும்பம் ஒன்றில் தோன்றியவர் என்பதை நம்மவருள் பலர் அறிவர். விண்வெளியை ஆராய்ந்த அப்பெருமகனார், பள்ளிச் சிறுவர்க்கு அறிவியலை எவ்வாறு கற்பிப்பது என்பதிலும் தம் கருத்தைச் செலுத்தினார் என்பதைச் சிலரே அறிவர். அவ்வரலாற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

விக்ரம் 1919ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் பிறந்தார். தந்தையார் அம்பாலால் சாராபாய் துணி ஆலை அதிபர், அன்னையார் சரளாதேவி. பெற்றோர் தம் மக்கள் எண்மரையும் வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல், தம் மாளிகையிலேயே மாண்டிசோரி அம்மையாரின் முறையைத் தழுவிய பள்ளி ஒன்றை அமைத்தனர். நம் நாட்டவரும் இங்கிலாந்து நாட்டவருமான ஆசிரியர்கள் அங்கே கற்பித்தனர். தோட்டமும் பட்டறையும் அப்பள்ளியின் பாடநூல்களாயின. சிறுவர் விக்ரம் தம் பதினைந்தாம் வயதளவில், பொறியாளர் இருவர் துணையுடன், இயங்கக்கூடிய சிறு ரயில் எஞ்சின் ஒன்றைச் செய்து முடித்தார். நீராவியின் ஆற்றலை ஏட்டில் படிக்குமுன் கையால் உணரும் பேறு அவருக்கு வாய்த்தது.

பின்னர் கேம்பிரிட்ஜில் பயின்று 1940இல் பட்டம் பெற்றார். உலகப் போர் மூண்டிருந்தமையால் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமன் அவர்களின் கீழ் அண்டக் கதிர்களை ஆராய்ந்தார். 1942இல் மிருணாளினி அம்மையாரை மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் டாக்டர் பட்டம் பெற்றார். அவ்வாண்டே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவினார். 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரிலிருந்து நம் நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் எழும்பியது அவருடைய முயற்சியால் ஆகும்.

இத்தனை பொறுப்புகளுக்கிடையிலும் பள்ளிச் சிறுவர் அவர் நினைவினின்றும் நீங்கவில்லை. தம் இல்லத்தில் எட்டுக் குழந்தைகளுக்குப் பல ஆசிரியர்கள் இருந்தனர். நாட்டின் பள்ளிகளிலோ ஐம்பது குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். அறிவியல் என்பது விதிகளையும் விளக்கங்களையும் நெட்டுருச் செய்து தேர்வில் எழுதும் பாடமாக இருந்தது. ஆய்வுக் கருவிகள் உடைந்துவிடும் என்னும் அச்சத்தால் அலமாரியில் பூட்டி வைக்கப்பெற்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்த பட்டறை, எளியவர் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டுமாயின் வழி யாது? இவ்வினாவிற்கு விடையாக 1960களில் அவர் அகமதாபாத்தில் சமுதாய அறிவியல் மையத்தை உருவாக்கினார். ஆராய்ச்சி செய்யும் விஞ்ஞானியும், கற்பிக்கும் ஆசிரியரும், கற்கும் மாணவரும் ஒரு கூரையின்கீழ்க் கூடிச் சோதனைகள் செய்து பார்க்கும் இடமாக அது அமைந்தது.

அம்மையத்தின் பொருட்டு 1968ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அகமதாபாத் வந்த இராமன் அவர்கள், வானம் ஏன் நீலமாக உள்ளது என்னும் பொருள் பற்றி உரை நிகழ்த்தினார். நோபல் பரிசு பெற்ற முதுபெரும் விஞ்ஞானி, எந்தக் குழந்தையும் கேட்கக்கூடிய வினாவையே எடுத்துக்கொண்டமை கருதத்தக்கது. அண்ணாந்து பார்க்கும் கண்ணொன்றே அப்பாடத்திற்குப் போதிய கருவியாம்.

ஆயினும் இப்பணி எளிதன்று. கேள்வி கேட்கும் மாணவனைக் கண்டால் விடை அறியாத ஆசிரியர் அஞ்சுகிறார். சோதனை பிழைத்தால் வகுப்பு நேரம் வீணாயிற்று என்று எண்ணப்படுகிறது. 2019இல் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதிச் சிதைந்தது; அப்பிழையை ஆராய்ந்து திருத்தியமையால் அன்றோ 2023இல் வெற்றி கிட்டியது! பிழையும் பாடமே என்பதை வகுப்பறை இன்னும் முழுமையாக ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு நகரத்து மையம் நாடு முழுமைக்கும் போதாது. எனவே செயற்கைக்கோள் வழியே கிராமங்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்ல விழைந்து, 1969இல் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துடன் சாராபாய் உடன்பாடு செய்தார். அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், தம் 52ஆம் வயதில் கோவளத்தில் உயிர் நீத்தார். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டுக் காலம், ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களில் அத்தொலைக்காட்சித் திட்டம் நடைபெற்றது. காலையில் பள்ளிச் சிறுவர்க்கான நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. ஆசிரியர்க்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அளிக்கப்பெற்றது. அகமதாபாத் மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

சாராபாய் அவர்களைச் சமயச் சான்றோராகக் காட்டுவது நம் நோக்கமன்று. எனினும் அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களை அறிந்த நமக்கு, அவர் செய்தது சாத்திர தானமாகவே தோன்றுகிறது. பள்ளி என்னும் சொல்லே நம் துறவியர் உறைந்த இடத்தைக் குறித்து வழங்கியது அன்றோ!

நம் இல்லங்களில் நீரை வடிகட்டிப் பருகுகிறோம். ஏன் என்று பேரன் வினவினால், வழக்கம் என்று கூறி அவன் வாயை அடைக்கின்றோமா? குளத்து நீர் ஒரு துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்துக் காட்டினால், கண்ணுக்குப் புலப்படா உயிர்கள் ஊர்வதை அவனே காண்பான். அடுத்த கணமே, இத்துணி அவை அனைத்தையும் தடுக்குமா என்று கேட்பான். அக்கேள்விக்கு நாம் அஞ்சலாகாது. வடிகட்டிய நீரிலும் ஒரு துளியை எடுத்து வைத்து, அவனோடு நாமும் குனிந்து பார்ப்போமாக. நற்காட்சியும் நல்ஞானமும் அவ்வாறு கண்டு தெளிதலால் குறைவுபடா. ஊர்தோறும் ஜினாலயத்தை அடுத்த கூடத்தில் ஒரு நுண்ணோக்கியும் சில கண்ணாடி வில்லைகளும் வைத்து, விடுமுறை நாள்களில் குழந்தைகளை அழைக்க நம் சங்கங்கள் முன்வர வேண்டும். அலமாரிக்குப் பூட்டு மட்டும் வேண்டா.