இல்லந்தோறும் திருவுருவம் தந்த ஓவியர் கொண்டைய ராஜு

களமருதூர் உற்சவத்தில் எம்பெருமானைச் சேவித்து இல்லம் திரும்பும் அன்பர்கள், மறுநாட் காலையில் விளக்கேற்றிக் கைகூப்புவது பூஜையறைச் சுவரில் விளங்கும் படத்தின் முன்பேயாகும். அப்படத்தை எழுதிய கை எவருடையது என்று நம்மில் பலர் நினைத்துப் பார்த்ததில்லை.

ஆகமங்கள் திருவுருவங்களைச் சித்திரம், அர்த்த சித்திரம், சித்திராபாசம் என மூவகையாகக் கூறும். எப்புறமும் நிறைவாகச் செதுக்கியது முதலாவது. முன்புறம் மட்டும் புடைத்து நிற்பது இரண்டாவது. சுவரிலும் துணியிலும் வண்ணத்தால் எழுதியது மூன்றாவது. 2021ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் முதலிரு வகைகளுக்கும் பெருமை சேர்ப்பது. மூன்றாம் வகையைக் குடிசைக்கும் கொண்டு சேர்த்த பெருமக்களுள் ஒருவர் ஸ்ரீ சி. கொண்டைய ராஜு.

பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி, பொன்னிதழும் கற்களும் பதித்துக் கண்ணன் திருவுருவை எழுதிய தஞ்சாவூர் ஓவியர்களுள் ராஜு குலத்தார் பலர். அப்படங்கள் செல்வர் இல்லங்களையே அலங்கரித்தன. அக்குலப்பெயர் தாங்கி 1898ஆம் ஆண்டு பிறந்த கொண்டைய ராஜு, சென்னை அரசினர் ஓவியப் பள்ளியில் மேனாட்டு முறையையும் கற்றுத் தேர்ந்தார். இளமையிலேயே வைராக்கியம் மேலிட்டுத் திருவண்ணாமலை சென்று, ரமண மகரிஷியின் சந்நிதியில் சில காலம் தங்கினார். இல்லறம் ஏற்றாரில்லை.

பின்னர் நாடகக் குழு ஒன்றில் சேர்ந்து, அரண்மனையும் வனமும் அருவியுமாகத் திரைச்சீலைகள் எழுதி ஊர் ஊராகச் சுற்றினார். அக்குழு கோவில்பட்டியில் கலைந்தது. பிழைப்பு அற்றுப்போன அவ்வூரிலேயே அவர் நிலைத்தார். சீடர்களே அவருக்குக் குடும்பமாயினர். தாம் கற்ற வித்தையை ஒளிக்காமல் அவர்களுக்கு வழங்கினார்.

அருகிலிருந்த சிவகாசியில் அச்சுத் தொழில் வளர்ந்தது. கடைக்காரர்கள் புத்தாண்டில் வழங்கும் நாட்காட்டிகளுக்கு இவர்கள் தெய்வப் படங்கள் எழுதினர். நாடகத் திரையின் சோலையும் மண்டபமும் பின்னணியாயின. தஞ்சாவூர் ஆபரணங்கள் திருமேனியில் ஒளிர்ந்தன. திருக்கண்களோ சேவிப்போரை நேரே நோக்கிக் கடாட்சித்தன. பொன்னிதழுக்கு வழியற்ற ஏழையும் விலையின்றித் தாயாரைத் தன் இல்லத்தில் எழுந்தருளச் செய்தான். ஆண்டு முடிந்ததும் தேதித்தாளை நீக்கிப் படத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டு வணங்கினான்.

1976ஆம் ஆண்டு கொண்டைய ராஜு மறைந்தார். அவர் படங்கள் இன்றும் பூஜைகளை ஏற்கின்றன. அவர் பெயரை அறிந்தோர் சிலரே. பழைய படங்களோ மரத்தடியிலும் தெருவோரத்திலும் கிடந்து வெயிலில் வெளுக்கின்றன. அவற்றுள் பெருமானின் திருவுருவமும் உண்டு. ஒரு கலைஞனின் தவமும் உண்டு.

ஆகவே அடியேனின் விண்ணப்பம் ஒன்று. இல்லம் சென்றதும் தங்கள் பூஜையறைப் படத்தின் கீழ் மூலையை உற்று நோக்குங்கள். அங்கே ஓவியரின் பெயர் காணப்படின், குழந்தைகளுக்கு அதனைப் படித்துக் காட்டுங்கள். சிற்பியையும் சித்திரக்காரரையும் நினைப்பதும் கைங்கர்யமே.

சர்வ மங்களம் உண்டாகுக.