இரவிவர்மாவும் அச்சுப்படமும்

ஒல்லாந்து தேசத்தார் ஸ்பானியரோடு பொருத நாளில், செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிட்ட படங்கள் பல மாகாணத்தாரிடையே ஒரு நாட்டினர் என்னும் உணர்ச்சியை வளர்த்தன. நம் தேசத்தில் அத்தகைய பணியைச் செய்தவர் ஓவியர் இரவிவர்மா. எம்மூராகிய இராஜாக்கமங்கலத்துப் பழைய வீடொன்றின் சுவரில் நிறம் மங்கிய இலக்குமி படத்தைக் காணுந்தோறும் அவர் நினைவு எமக்கு எழுகின்றது.

இவர் 1848-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29-ம் நாள் திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரிற் பிறந்தார். 14-ம் வயதில் திருவனந்தபுரஞ் சென்று, ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவைப் பெற்றார். எண்ணெய் வண்ணந் தீட்டும் முறையைக் கற்பிக்க அரண்மனை ஓவியர் இராமசாமி நாயக்கர் இசைந்திலர். பின்னர் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும், தாம் தீட்டுவதைப் பார்த்திருக்க மாத்திரமே இடங்கொடுத்தார். பார்த்தே பயின்ற இரவிவர்மா 1873-ல் வியன்னாக் கண்காட்சியிற் பரிசு பெற்றார்.

பரோடா மன்னர் சாயாஜிராவ் 14 புராண ஓவியங்கள் வேண்டினார். எல்லா மாகாணத்தாரும் ஏற்கும் உடையைத் தேடி, இரவிவர்மா தம்பி இராஜராஜவர்மாவுடன் வடநாட்டில் யாத்திரை செய்தார். முடிவிற் சேலையே அவர்தம் நாயகியர்க்கு உரித்தாயிற்று.

ஆயினும் அரண்மனைச் சுவரிலுள்ள படத்தை எத்தனை பேர் காணவியலும்? ஓவியங்களை ஐரோப்பாவில் அச்சிடுவிக்குமாறு முன்னாள் திவான் மாதவராவ் யோசனை கூறியிருந்தார். இரவிவர்மாவோ 1894-ல் பம்பாயிலேயே அச்சகம் நிறுவினார். நிறத்திற்கொரு கல்லாக எழுதி, ஒன்றன்மேலொன்றாக அச்சிட்ட இலக்குமியும் சரஸ்வதியும் சகுந்தலையும் எளியோர் குடிசையையும் அடைந்தனர். அச்சகம் நட்டமுற்று, ஜெர்மானிய நிபுணர் ஷ்லைக்கருக்கு விற்கப்பட்டது. படங்களின் செல்வாக்கோ குறைந்திலது. 1906-ம் ஆண்டு அக்டோபர் 2-ம் நாள் இரவிவர்மா காலமானார்.

கிறிஸ்தவராகிய யாம் அப்படங்களை வணங்குவோமல்லேம். எனினும் ஒன்றை மறத்தலாகாது. திருவிதாங்கூர்க் கோயில்களின் வாயில் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936-லேதான். அதற்குப் பல்லாண்டு முன்னரே, வாயிலிற் தடுக்கப்பட்டோர் வீட்டுச் சுவருக்கு அத்தெய்வ வடிவங்களைக் கொணர்ந்தது அச்சுப்படம்.

குறையும் உண்டு. தேசத்தின் பொதுமுகமென அவர் தீட்டியது பெரும்பாலும் சிவந்த மேனியும் உயர்குடிக் கோலமுமே. எம் கரையில் மீன்கூடை சுமக்கும் தாயும், பனையேறும் தந்தையும் அதில் தம்மைக் கண்டிலர். கதவைத் திறந்தவர் இரவிவர்மா. எல்லாரையும் உள்ளழைத்துத் தீட்டும் கடமை பின்வந்த நம்மேலதாம்.