நாடு இல்லாத பந்து வீரர்

ஜப்பானியருக்கு பேஸ்பால் என்றால் உயிர். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. அந்த நாட்டில் பந்து எறிந்து முதன்முதலாக 300 வெற்றி கண்டவர் யார் தெரியுமா? அவர் ஜப்பானியர் அல்ல. ருஷியாவில் பிறந்தவர். பெயர் விக்டர் ஸ்டார்பின்.

ஜப்பானிய மக்கள் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் சாகும்வரை அவருக்குப் பிரஜா உரிமை கிடைக்கவில்லை. பிறந்த நாடும் அவருக்கு இல்லை. வளர்ந்த நாடும் அவருக்கு இல்லை.

தப்பி வந்த குடும்பம்

1916-ம் ஆண்டு, ஊரல் மலைப் பக்கத்தில் நிஷ்னி தாகில் என்ற ஊரில் விக்டர் பிறந்தார். தந்தை ஜார் மன்னரின் படையில் அதிகாரி. மறு வருஷமே ருஷியாவில் புரட்சி வெடித்தது. ஜார் ஆட்சி கவிழ்ந்தது. ஜாரின் ஆட்கள் உயிருக்கு அஞ்சி ஓடினார்கள். கைக்குழந்தையுடன் இந்தக் குடும்பமும் ஓடியது. சைபீரியாவைக் கடந்தார்கள். மஞ்சூரியாவில் ஹார்பின் நகரத்தில் சில காலம் தங்கினார்கள். 1925-ல் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்கள் குடியேறிய ஊர் அசஹிகாவா. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவின் நடுவில் இருக்கிறது. குளிருக்குப் பேர்போன ஊர். 1902-ல் ஒரு நாள் அங்கே குளிர், தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே 41 டிகிரிக்குப் போனது. ஜப்பானின் அதிகாரப்பூர்வப் பதிவில் அதைவிடக் கடுமையான குளிர் இல்லை.

சிறுவன் விக்டருக்கு அப்போது 9 வயது. ஜப்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. தலைமுடி வேறு நிறம். கண் வேறு நிறம். அந்தக் கோலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தான்.

ஆட்டமே பாடம்

அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடிய ஆட்டம் பேஸ்பால். 1872-ல் ஹோரேஸ் வில்சன் என்ற அமெரிக்க ஆசிரியர் டோக்கியோவில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஆட்டம் அது. அதற்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'யாக்யூ'. வயல்வெளிப் பந்து என்று பொருள்.

ஆட்டம் எப்படி? ஒருவர் பந்தைத் தரையில் படாமல் எறிவார். எதிர் அணிக்காரர் உருட்டு மட்டையால் அதை அடிக்க வேண்டும். மூன்று முறை தவறினால் அவர் வெளியே. எறிகிறவர் கையில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது. அதனால் ஓர் அணி ஜெயித்தால், அந்த வெற்றியை எறிந்தவர் பெயரிலும் எழுதுவார்கள்.

பாஷை தெரியாத ஊரில் ஒரு பிள்ளைக்கு இலக்கணப் புத்தகம் பிறகுதான் புரியும். பந்து உடனே புரியும். அதோடு, ஸ்டிரைக், அவுட் என்று இங்கிலீஷ் சொற்களையே ஜப்பானிய நாக்குக்கு ஏற்ப மாற்றி ஆடினார்கள். வந்தவனுக்கும் அது அன்னியச் சொல். அங்கே இருந்தவர்களுக்கும் அன்னியச் சொல்தான்.

சில வருஷத்தில் விக்டர் ஜப்பானியப் பிள்ளைகளைப் போலவே ஜப்பானிய மொழி பேசினான். அவன் பெயரும் அவர்கள் வாயில் 'ஸுதருஹின்' ஆகிவிட்டது. ஆறு அடிக்கு மேல் வளர்ந்தான். கை நீளம். பந்து உயரத்திலிருந்து இடி மாதிரி இறங்கும். அசஹிகாவா நடுநிலைப் பள்ளி அணியை அவன் கைதான் தூக்கி நிறுத்தியது. அகில ஜப்பான் பள்ளிப் பந்தயம் ஓசாகா அருகே கோஷியென் மைதானத்தில் நடக்கும். அங்கே போக வேண்டும் என்பதுதான் பிள்ளைகளின் கனவு. இரண்டு வருஷம் ஹொக்கைடோ இறுதி ஆட்டம்வரை வந்தார்கள். இரண்டு முறையும் தோற்றார்கள்.

இரவு ரயில்

அந்த வேளையில் வீட்டில் இடி விழுந்தது. தந்தை ஒரு கொலை வழக்கில் சிக்கிச் சிறைக்குப் போனார். தாயும் மகனும் தனியானார்கள்.

1934-ல் டோக்கியோ பத்திரிகை முதலாளி ஷோரிக்கி மட்சுதாரோ, அமெரிக்காவின் பெரிய ஆட்டக்காரர் பேப் ரூத்தை ஒரு குழுவோடு வரவழைத்தார். எதிர்த்து ஆட ஜப்பானிய அணி வேண்டும். ஸ்டார்பினைக் கேட்டார்கள். பள்ளி நண்பர்களை விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. அப்போது தந்தையின் வழக்கைக் காட்டிப் பயமுறுத்தல் வந்தது. மறுத்தால் குடும்பமே நாடு கடத்தப்படலாம். ஜாரின் அதிகாரி குடும்பம் திரும்பவும் ருஷியாவுக்குப் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

18 வயது இளைஞர் என்ன செய்வார்? தாயை அழைத்துக்கொண்டு, நண்பர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இரவு ரயில் ஏறினார்.

42 வெற்றி

அந்த அணியிலிருந்து பிறந்ததுதான் டோக்கியோ ஜயண்ட்ஸ். 1936-ல் ஜப்பானில் சம்பளத்துக்கு ஆடும் அணிகளின் போட்டி தொடங்கியது. சவாமுரா எய்ஜியும் ஸ்டார்பினும் ஜயண்ட்ஸ் அணியின் இரண்டு தூண்கள். 1939-ல் ஜயண்ட்ஸ் 96 ஆட்டம் ஆடி 66-ல் ஜெயித்தது. அதில் 42 வெற்றி ஸ்டார்பின் ஒருவருடையது! ஒரே வருஷத்தில் 42. பின்னால் 1961-ல் இனாவோ கசுஹிசா அதே 42-ஐ எட்டினார். தாண்டியவர் எவரும் இல்லை. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சிறந்த ஆட்டக்காரர் பரிசு ஸ்டார்பினுக்கே கிடைத்தது.

பெயரும் போயிற்று

1940-ல் யுத்த வெறி முற்றியது. அன்னியப் பெயர் எதுவும் கூடாது என்றார்கள். ஸ்டார்பின் என்ற பெயர் மறைந்தது. அவர் சுடா ஹிரோஷி ஆனார். 1943-ல் ஆட்டத்திலிருந்தும் இங்கிலீஷைத் துரத்தினார்கள். 'சேப்' என்பது 'யோஷி' ஆயிற்று. 'அவுட்' என்பது 'ஹிகே' ஆயிற்று. சிறுவயதில் ஒரு முறை மொழி கற்று ஆடியவர், இப்போது அதே ஆட்டத்துக்கு மறுபடியும் சொல் கற்க வேண்டி வந்தது!

பெயர் மாறியும் பயன் இல்லை. 1944-ல் அவரை ஆட்டத்தை விட்டே விலக்கினார்கள். மற்ற அன்னியரோடு கருய்சாவா என்ற மலை ஊரில் அடைத்து வைத்தார்கள். உணவுக்குத் திண்டாட்டம். அதே ஆண்டு டிசம்பரில் கப்பல் மூழ்கி சவாமுரா செத்தார். ஜப்பானியப் பிரஜையான அவரைச் சிப்பாயாகப் போருக்கு அனுப்பியிருந்தார்கள். பிரஜை அல்லாத ஸ்டார்பின் காவலில் கிடந்து உயிர் தப்பினார்.

மீண்டும் மைதானத்தில்

யுத்தம் முடிந்ததும் கொஞ்ச நாள் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1946-ல் பழைய தலைவர் புஜிமோட்டோ சடயோஷி அழைக்க, அவருடைய பசிபிக் அணிக்குப் போனார். பெரிய அணியான ஜயண்ட்சுக்குத் திரும்பவில்லை. அதன்பின் ஆடியது எல்லாம் பலம் குறைந்த அணிகளுக்காக. ஆனாலும் 1949-ல் 27 வெற்றி பெற்று முதலிடத்தில் நின்றார்.

வாழ்க்கை அவ்வளவு சீராக இல்லை. முதல் கல்யாணம் முறிந்தது. குடிப்பழக்கம் வளர்ந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1950-ல் மறுமணம் செய்துகொண்டார்.

1955-ல், 39-வது வயதில், 300 வெற்றியைத் தொட்டார். ஜப்பானில் அதற்கு முன் யாரும் அந்த எண்ணைக் கண்டதில்லை. மொத்தம் 303 வெற்றியோடு அந்த வருஷமே ஓய்ந்தார்.

1957 ஜனவரி 12. பழைய அசஹிகாவா பள்ளி நண்பர்கள் டோக்கியோவில் கூடும் நாள். அன்று இரவு தானே கார் ஓட்டிச் சென்ற ஸ்டார்பின், செடகயா பகுதியில் டிராம் வண்டியில் மோதி இறந்தார். வயது 40. அப்போதும் அவர் எந்த நாட்டுப் பிரஜையும் அல்ல.

1960-ல் ஜப்பானிய பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. அந்த மண்டபத்தில் இடம்பெற்ற முதல் அன்னியர் அவர்தான். 1980-களில் அசஹிகாவாவில் புதிய மைதானம் கட்டினார்கள். அதற்கு ஸ்டார்பின் மைதானம் என்று பெயர். வாசலில் அவர் சிலை நிற்கிறது. எதிரிக்கு ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் அவர் தனியாக எறிந்து முடித்த ஆட்டங்கள் 83. அந்தக் கணக்கை ஜப்பானில் இதுவரை ஒருவரும் தாண்டவில்லை.