உச்சியில வேகம் பூஜ்யம்... அப்புறம் என்ன ஆகும்? பிளஸ் 1 வரைபடம் சொல்லும் விக்ரம் சாராபாய் கதை

மறைமலை நகர் மைதானம். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட். பேட்ஸ்மேன் பந்தை நேரா வானத்துக்குத் தூக்கிவிட்டார். வேகம் விநாடிக்கு 20 மீட்டர்னு வெச்சுக்குவோம். ஃபீல்டருக்கு கேட்ச் பிடிக்க சுமார் 4 விநாடி இருக்கு.

அந்த 4 விநாடிதான் பிளஸ் 1-ல நம்மளைப் பாடாய்ப்படுத்திய திசைவேகம் - காலம் வரைபடம். இந்திய விண்வெளித் திட்டத்தின் தந்தை விக்ரம் சாராபாயின் கதையும் அதே கோட்டில்தான் இருக்கு.

பந்தின் கோடு

காற்றின் தடையை மறந்துவிடுவோம். புவியீர்ப்பு ஒவ்வொரு விநாடியும் பந்தின் வேகத்தில் சுமார் 10 மீட்டரைக் குறைக்கும். 20, 10, 0, அப்புறம் மைனஸ் 10, மைனஸ் 20. வரைபடத்தில் இது கீழ்நோக்கிச் சாயும் ஒரே நேர்கோடு.

பலரும் தடுமாறுவது அந்த 0-ல்தான். உச்சியில் வேகம் பூஜ்யம். ஆனால் கோட்டின் சாய்வு மாறவில்லை. அதாவது, அங்கேயும் புவியீர்ப்பு இழுத்துக்கொண்டேதான் இருக்கு. மைனஸ் என்றால் பந்து கீழே வருகிறது, அவ்வளவுதான். பூஜ்யக் கோட்டுக்கு மேலே உள்ள முக்கோணத்தின் பரப்பு, பந்து ஏறிய உயரம்: 20 மீட்டர்.

அகமதாபாத் டூ தும்பா

1919 ஆகஸ்ட் 12-ல் அகமதாபாத்தின் பெரிய மில் குடும்பத்தில் பிறந்தவர் சாராபாய். கேம்பிரிட்ஜில் படித்தார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் திரும்பி வந்து, பெங்களூருவில் சி.வி.ராமனிடம் காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்தார். 1942-ல் கேப்டன் லட்சுமியின் தங்கை, நடனக் கலைஞர் மிருணாளினியை மணந்தார்.

பலூன் எட்டாத உயரத்தில் காற்று மண்டலம் எப்படி இருக்கு? அதைப் பார்க்க ஆய்வு ராக்கெட் வேண்டும். பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருந்ததால் திருவனந்தபுரம் பக்கம் தும்பா தேர்வானது. அங்கிருந்த மாதா கோயிலே அலுவலகம் ஆனது. 1963 நவம்பர் 21 மாலை, அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி ராக்கெட் அங்கிருந்து கிளம்பி, வானத்தில் சோடியம் ஆவியைத் தூவியது.

எரிபொருள் தீர்ந்த பிறகு அந்த ராக்கெட்டும் ஒரு பந்துதான். மேலே போகப் போக வேகம் குறைந்து, உச்சியில் செங்குத்து வேகம் பூஜ்யமாகி, கடலில் விழும். அது தோல்வி இல்லை. பறக்கும் அந்தச் சில நிமிடங்களில் கிடைக்கும் தகவலுக்காகத்தான் மொத்த உழைப்பும்.

விழாமல் இருக்க என்ன வழி?

உயரம் மட்டும் போதாது, பக்கவாட்டு வேகமும் வேண்டும். விநாடிக்குச் சுமார் 7.8 கி.மீ. கிடைமட்டமாக ஓடினால், பொருள் விழுந்துகொண்டே இருந்தாலும் பூமியின் வளைவால் தரை விலகிக்கொண்டே போகும். அதுதான் சுற்றுப்பாதை.

சாராபாய் குறிவைத்தது அதைத்தான். 1969-ல் இஸ்ரோ உருவானது. ஆனால் 1971 டிசம்பர் 30-ல், 52 வயதில், கோவளத்தில் அவர் காலமானார். அவர் காலத்தில் தும்பாவில் கிளம்பிய ராக்கெட்கள் எல்லாமே திரும்பி விழுந்தவைதான்.

1979-ல் எஸ்.எல்.வி-3 முதல் முயற்சியும் வங்கக் கடலில் விழுந்தது. 1980 ஜூலை 18-ல், அப்துல் கலாம் தலைமையிலான குழு ரோகிணியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. கலாம் ராக்கெட் வேலை பழகியது, விழுந்துகொண்டே இருந்த அந்தத் தும்பா ராக்கெட்களில்தான்.